சிங்கப்பூரின் தூக்கும் நம் ஊரின் மாத்திரையும்: ஒப்பந்தம் எதைக் கேட்கிறது?

மணலிக்காரன் கேட்டது | 11 அக்டோபர் 2025

இந்த வாரம் சிங்கப்பூரில் இன்னொரு மலேசியத் தமிழரைத் தூக்கிலிட்டதற்காக இங்கே பலர் வருந்துகிறீர்கள். அவர் கொண்டுவந்தது ஹெராயின், மிட்டாய் அல்ல. அந்த ஊரில் பெண்பிள்ளைகள் நள்ளிரவிலும் தெருவில் நடக்கிறார்கள். நம் ஊரிலோ அரசு மருத்துவமனையிலேயே போதைக்காரர்களுக்கு ஊசியும் மாத்திரையும் கொடுத்து வளர்க்கிறோம். போதைப்பொருளை ஒழிப்பது ஐ.நா. ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாட்டின் கடமை. கடமையைச் செய்யும் நாட்டைக் குறை சொல்வதற்குப் பெயர்தான் மனித உரிமையா?

11 அக்டோபர், இரவு

நீங்கள் சொல்லும் அந்த மாத்திரையைக் கொடுத்தவள் நான். அரசு மருத்துவமனைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணியின் கடைசிப் பகுதி, ஹெராயினுக்குப் பதிலாக மாற்று மருந்து கொடுக்கும் ஓ.எஸ்.டி. மையத்தில் கழிந்தது.

முதலில் ஒரு திருத்தம். ஊசியை மருத்துவமனை கொடுப்பதில்லை. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் தொண்டு நிறுவனங்கள் கொடுக்கின்றன. எங்கள் மையத்தில் கொடுத்தது பியூப்ரெனார்பின் என்ற அந்த மாற்று மருந்து. அதையும் கையில் கொடுத்து அனுப்ப மாட்டோம். மாத்திரையைப் பொடியாக்கி நாக்குக்கு அடியில் போடுவோம். கரையும்வரை அவர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். மறுநாளும் இதே சடங்கு. பெரும்பாலும் மூட்டை தூக்குகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மீன் இறக்குகிறவர்கள் வருவார்கள். வேலைக்குப் போகும் வழியில் வந்து, "சீக்கிரம் போடுங்கள் சிஸ்டர், லாரி நிற்கிறது" என்று அவசரப்படுத்துவார்கள். மாத்திரை இல்லையென்றால் கைகால் குடைச்சலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் அவர்களைப் படுக்கவைத்துவிடும். அன்று லாரியும் இல்லை, கூலியும் இல்லை, ஊசி மட்டும்தான்.

வளர்க்கிறோம் என்றீர்கள். கையில் நரம்பு கிடைக்காமல் தொடை இடுக்கில் குத்திக்கொண்டு, சீழ் வைத்த புண்ணோடு கைலியைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்குக் கட்டுப்போட்டிருக்கிறேன். மாத்திரையில் நிலைத்துவிட்டவர்களுக்கு அந்தக் கட்டு தேவைப்படவில்லை.

12 அக்டோபர்

"கடமை" என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று தூக்கம் வரவில்லை என்பதால், ஒப்பந்தங்களையே மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். ஐ.நா.வின் போதைப்பொருள் ஒப்பந்தங்களில் அடிப்படையானவை மூன்று; 1961, 1971, 1988ஆம் ஆண்டுகளில் வந்தவை. முதல் ஒப்பந்தத்தின் முன்னுரை, மனிதகுலத்தின் ஆரோக்கியத்திலும் நலனிலும் உள்ள அக்கறையோடு தொடங்குகிறது. அடுத்து, வலியையும் துன்பத்தையும் தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை, அவை கிடைக்கப் போதிய ஏற்பாடு வேண்டும் என்கிறது. அதற்குப் பிறகுதான் போதைக்கு அடிமையாவது பெருந்தீமை என்ற வாசகம் வருகிறது. மேடைகளில் இந்தக் கடைசி வாசகத்தை மட்டும் கேட்டிருக்கிறேன்.

1988 ஒப்பந்தம் கடுமையானது. கடத்தலைக் குற்றமாக்கச் சொல்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பதையும், அந்தந்த நாட்டு அரசியலமைப்புக் கோட்பாடுகளுக்கு உட்பட்டு, குற்றமாக்கச் சொல்கிறது. தண்டனைகளாக அது எடுத்துக்காட்டுபவை சிறை, அபராதம், சொத்துப் பறிமுதல். சொந்தப் பயன்பாட்டு வழக்குகளில் தண்டனைக்குப் பதிலாகவே சிகிச்சை தரலாம் என்று அனுமதிக்கிறது. தேவையைக் குறைக்கும் நடவடிக்கைகளைப் பற்றிச் சொல்லும் 14ஆம் பிரிவு, மனிதத் துன்பத்தைக் குறைப்பதை நோக்கமாகக் குறிப்பிடுகிறது. மரண தண்டனை மூன்றில் எதிலும் இல்லை.

ஒப்பந்தம் கேட்காத ஒன்றை அதன் பெயரைச் சொல்லிச் செய்கிறார்கள். அது கேட்ட ஒன்றைச் செய்யாமல் விட்டால் எவரும் கேட்பதில்லை. பின்னதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

13 அக்டோபர்

"24ஆம் பிரிவைப் படித்தீர்களா?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். படித்தேன். 1988 ஒப்பந்தம் சொல்வதைவிடக் கடுமையான நடவடிக்கைகளை ஒரு நாடு எடுக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. அனுமதி வேறு, கடமை வேறு. மணலிக்காரன் பேசியது கடமையைப் பற்றி.

ஐ.நா. என்றால் இந்த மூன்று ஒப்பந்தங்கள் மட்டும் அல்ல. குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு, மரண தண்டனையை ஒழிக்காத நாடுகள் அதை "மிகக் கொடிய குற்றங்களுக்கு" மட்டுமே விதிக்கலாம் என்கிறது. போதைப்பொருள் குற்றங்கள் அந்த வகையில் சேரா என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 2018இல் தெளிவாகவே எழுதிவிட்டது. சிங்கப்பூர் அந்த உடன்படிக்கையில் சேரவில்லை என்பது உண்மை. ஆனால் போதைப்பொருள் ஒப்பந்தங்களின் காவலரான வியன்னாவின் சர்வதேசக் கட்டுப்பாட்டு வாரியமே, இக்குற்றங்களுக்கான மரண தண்டனையைக் கைவிடுவது பற்றி யோசியுங்கள் என்று 2014இல் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. சட்டம் பேசுவதென்றால் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

15 அக்டோபர்

சிங்கப்பூர்ச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு அதை ஆதரித்தால் எனக்கு மறுப்பில்லை.

தூய டயமார்ஃபின், அதாவது ஹெராயின், 15 கிராமைத் தாண்டினால் தூக்கு. கைவசம் 2 கிராமுக்கு மேல் இருந்தாலே கடத்துவதற்காக வைத்திருந்தீர்கள் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். பொட்டலம் உங்களிடம் இருந்தால், உள்ளே இருப்பது என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்றும் அனுமானித்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் வேலை. அண்டை நாடான மலேசியாவில் ஓர் அனுமானத்தின் மேல் இன்னொன்றை அடுக்குவதை 2019இல் கூட்டரசு நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. 2023இல் கட்டாய மரண தண்டனையும் அங்கே போய்விட்டது.

சிங்கப்பூர் தன் சட்டத்தை 2013 முதல் சற்றுத் தளர்த்தியது. வெறும் சுமந்து வந்தவர் என்று நிரூபணமாகி, போதைப்பொருள் நடமாட்டத்தைத் தடுக்கப் பெரிதும் உதவினார் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சான்று தந்தால், நீதிபதி ஆயுள் தண்டனையும் பிரம்படியும் விதிக்கலாம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் காட்டிக்கொடுக்க விஷயம் வைத்திருப்பவன் யார்? கும்பலில் சற்று மேலே இருப்பவன். அடிமட்டத்தில் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு மலேசியாவிலிருந்து பாலம் கடப்பவனுக்கு ஒரு புனைபெயரும் ஒரு தொலைபேசி எண்ணும்தான் தெரியும். இந்த 8ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட பன்னீர்செல்வம் பரந்தாமனை நீதிமன்றமே சுமந்து வந்தவர் என்றுதான் கண்டது, சான்று கிடைக்கவில்லை. 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட நாகேந்திரன் தர்மலிங்கத்தின் அறிவுத்திறன் அளவு (ஐ.க்யூ.) 69. அவர் தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் இருந்த டயமார்ஃபின் 42.72 கிராம். பிடிபட்டபோது வயது 21.

தங்கராஜு சுப்பையாவின் வழக்கு என்னை அதிகம் தொல்லைப்படுத்துவது. 2023 ஏப்ரலில் தூக்கு. ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சா. அதை அவர் தொட்டதாக யாரும் சொல்லவில்லை, இரண்டு தொலைபேசி எண்கள் வழியாக அவரைக் கடத்தலுடன் இணைத்தார்கள். வாக்குமூலத்தின்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னார். விசாரணையின்போதுதான் இதை முதன்முறையாகச் சொல்கிறார் என்று அரசுத் தரப்பும் நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. யார் சொன்னது உண்மை என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் உயிர் போகிற வழக்கில் இப்படி ஒரு கேள்வி மிஞ்சியிருக்கக் கூடாது.

15 அக்டோபர், சற்று நேரம் கழித்து

எடை பற்றி ஒரு துணைச் செய்தி. சிங்கப்பூரில் பொடியில் உள்ள தூய சரக்கை மட்டும் கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் 2020இல் உச்ச நீதிமன்றம் தந்த ஹீரா சிங் தீர்ப்புக்குப் பிறகு கலப்படத்தையும் சேர்த்து மொத்தமாக எடைபோடுகிறார்கள். ஹெராயின் 5 கிராமுக்குக் குறைவென்றால் சிறு அளவு, 250 கிராமுக்கு மேல் வணிக அளவு. தெருவில் கிடைக்கும் பிரவுன் சுகர் எனும் மட்ட ஹெராயினில் பெரும்பகுதி கலப்படமே. நாம் சிங்கப்பூரைவிட மென்மையானவர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்போருக்காக இதைச் சொல்கிறேன்.

18 அக்டோபர்

தேக்காவாசி என்பவர் சிங்கப்பூரிலிருந்து எழுதியிருக்கிறார்: "இங்கே வாழ்ந்து பாருங்கள், பிறகு பேசுங்கள்." அவர் சொல்லும் பாதுகாப்பை நான் மறுக்கவில்லை. அதைத் தூக்குக்கயிறு தந்ததா என்பதே என் கேள்வி.

ஹாங்காங்கைப் பாருங்கள். அதே போன்ற துறைமுக நகரம், அதே தங்க முக்கோணத்து (பர்மா, தாய்லாந்து, லாவோஸ் எல்லை) ஹெராயின், அதே நெரிசல். அங்கே கடைசித் தூக்கு 1966இல்; 1993இல் சட்டத்திலிருந்தே நீக்கினார்கள். 1970களில், ஹெராயினுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுக்கும் மெதடோன் என்ற மருந்துக்கு ஊரெங்கும் நிலையங்களைத் திறந்தார்கள். ஒரு ஹாங்காங் டாலர் கொடுத்துவிட்டு, மருந்தை அங்கேயே நின்று குடித்துவிட்டுப் போகலாம். ஊசி போடுகிறவர்களிடையே எச்.ஐ.வி. அங்கே பெரிதாகப் பரவவே இல்லை. கடத்தல்காரர்களுக்கு நீண்ட சிறை அங்கேயும் உண்டு, யாரையும் கொஞ்சவில்லை. அந்த நகரத்துத் தெருக்களிலும் நள்ளிரவில் நடக்கலாம்.

மலேசியாவில் எச்.ஐ.வி. பரவலுக்கு நெடுங்காலம் ஊசியே முதற்காரணமாக இருந்தது. 2005இல் மெதடோனும் 2006இல் ஊசி மாற்றுத் திட்டமும் வந்த பிறகு அந்த நிலை மாறியது. கோலாலம்பூரில் ஒரு பள்ளிவாசலிலேயே மெதடோன் கொடுத்தார்கள். "இதெல்லாம் மேற்கத்தியர்களின் தாராளவாதம்" என்று ஒருவர் எழுதியிருப்பதற்கும் இதுவே பதில். மணிப்பூர் அரசு 1996இலேயே தன் எய்ட்ஸ் கொள்கையில் தீங்கு குறைப்பை, அதாவது புது ஊசியும் மாற்று மருந்தும் கொடுத்து நோயையும் சாவையும் குறைக்கும் வழியை, சேர்த்துக்கொண்டது. ஈரான், கடத்தல்காரர்களைக் கிரேனில் தொங்கவிட்ட அதே காலத்தில், சிறைக்குள் கைதிகளுக்கு மெதடோன் கொடுத்தது. எந்த வகுப்பில் சேர்ப்பீர்கள் அந்த நாட்டை?

20 அக்டோபர்

தேக்காவாசி விடுவதாக இல்லை. இம்முறை நல்ல கேள்வி. சிங்கப்பூரிலும் பியூப்ரெனார்பினைக் கொண்டுவந்தார்களே, என்ன ஆயிற்று என்று கேட்கிறார்.

அவர் சொல்வது நடந்ததுதான். சுபுடெக்ஸ் என்ற பெயரில் தனியார் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பலர் அதைக் கரைத்து, தூக்க மருந்தோடு சேர்த்து ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். 2006 ஆகஸ்டில் அதை ஹெராயினுக்குச் சமமான பட்டியலில் வைத்தார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதால் வந்த வினை என்று நான் படித்துக்கொண்டேன். எதிரில் உட்காரவைத்துக் கொடுக்கும் எங்கள் முறைக்குக் காரணம் இந்த மாதிரி அனுபவங்களே.

இருந்தாலும், எங்கள் முறையைப் பற்றி எனக்கு முழு நிம்மதி இல்லை. கரைவதற்குள் பொடியைக் கன்னத்தில் ஒதுக்கி, வெளியே போய்த் துப்பி, அதை இன்னொருவருக்கு விற்ற ஆள் ஒருவர் இருந்தார். மருத்துவர் அவருக்குச் சில நாட்கள் மருந்தை நிறுத்தினார். விதி அப்படித்தான். அவர் திரும்பி வந்தபோது முழங்கையில் புதிதாக ஊசித் தடம் இருந்தது. மருந்தை விற்றவருக்கு மருந்தையே மறுப்பது சிகிச்சையா தண்டனையா என்று அன்று சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் பேசிக்கொண்டோம்; ஆளுக்கொரு கருத்து. நாள்தோறும் வரச்சொல்வதும் அப்படியே: வெளியூர் வேலை கிடைத்தால் போக முடியாது, ஊரில் சாவு என்றால் போக முடியாது. நிலைத்துவிட்டவர்களுக்குச் சில நாள் மாத்திரையைக் கையில் கொடுக்கலாம் என்பதே இப்போது என் எண்ணம். தேக்காவாசியின் உதாரணத்தைப் படித்ததும் அந்த எண்ணம் சற்று ஆடுகிறது.

21 அக்டோபர்

1998இல் ஐ.நா. சிறப்புக் கூட்டத்தின் முழக்கம்: "போதையற்ற உலகம், நம்மால் முடியும்." கெடு 2008. அது வந்தது, போனது. 2009இல் கூடி 2019க்குத் தள்ளிவைத்தார்கள். எங்கள் தெரு மேம்பாலப் பலகையில் எழுதியிருக்கும் வேலை முடியும் தேதி பரவாயில்லை போலிருக்கிறது.

25 அக்டோபர்

ஒப்பந்தம் கேட்டும் செய்யாமல் விட்டதைப் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

ஓ.எஸ்.டி. மையத்துக்கு வருவதற்கு முன்பு வார்டில் மார்ஃபின் அலமாரியின் சாவி என்னிடம் இருந்தது. இரட்டைப் பூட்டு. ஒவ்வொரு ஆம்பியூலுக்கும் (மருந்துக் குப்பிக்கும்) பதிவேட்டில் நோயாளி பெயர், நேரம், அளவு, மருத்துவர் கையெழுத்து, என் கையெழுத்து. காலி ஆம்பியூலைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். பணி மாறும்போது எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பயத்திலேயே பல மருத்துவர்கள் மார்ஃபின் எழுதாமல், வேலை செய்யாத ஊசி ஒன்றை எழுதிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு என் நாத்தனாருக்கு வாய்ப்புற்றுநோய் வந்தது. எலும்புக்குப் பரவிய நிலையில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை அவர் இருந்த ஊரில் எங்குமே இல்லை. விலை உயர்ந்த மருந்தன்று. சில ரூபாய் மாத்திரை. மருந்துக்கடைக்காரர், "அது போதைப்பொருள் அம்மா, நாங்கள் தொடுவதில்லை" என்றார். சாவி வைத்திருந்த நானே வெளியூர் வலிநிவாரண மையத்துக்குச் சீட்டோடு பேருந்து ஏறினேன். நான் திரும்பும்வரை நாத்தனார் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டே இருந்தாராம்.

இது மருந்துக்குப் பஞ்சமான நாடு அன்று. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசின் அபின் ஆலைகள் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமம் பெற்ற விவசாயிகள் கசகசாச் செடி பயிரிடுகிறார்கள். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம் மருத்துவ மார்ஃபினையும் அதே கண்ணோடு பார்த்ததால், ஒரு மருத்துவமனை அதை வாங்கப் பல துறைகளிடம் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. கேரளத்து மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபாலும் அவருடன் இருந்தவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடி, 2014 திருத்தத்தில் இதை ஒரே அனுமதியாகச் சுருக்க வைத்தார்கள். சட்டம் மாறியும் பயம் முழுதாக மாறவில்லை.

உலக அளவில் இன்னும் மோசம். 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டது: ஆண்டுக்கு விநியோகமாகும் மார்ஃபின் வகை வலிநிவாரணிகள் 298.5 டன், ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்வது 0.1 டன். ஹெராயின் தடுப்பில் தவறிய நாட்டை வியன்னாவில் நிற்கவைத்துக் கேட்கிறார்கள். இந்த 0.1 டன்னுக்காக எந்த நாட்டின் அமைச்சரும் தலைகுனிந்ததில்லை.

26 அக்டோபர்

"அப்படியானால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடலாமா?" என்ற கேள்விக்குச் சுருக்கமாக.

போர்ச்சுகல் 2001இல் அவிழ்த்துவிடவில்லை. பத்து நாள் தேவைக்கு உட்பட்டு வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்குப் பதிலாக, மருத்துவ, சமூகப்பணி, சட்ட அறிவுள்ளவர்களின் சிறு குழுவிடம் அனுப்பியது. சிகிச்சை நிலையங்களையும் சேர்த்தே வளர்த்தது. விற்பது இன்றும் குற்றம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2020இல் வாக்கெடுப்பு நடத்தித் தண்டனையை முதலில் எடுத்துவிட்டது. சிகிச்சை ஏற்பாடு ஆமை வேகத்தில் வந்தது. 2024 செப்டம்பரில் மறுபடியும் குற்றமாக்கிவிட்டார்கள். எனக்கு வியப்பில்லை. மாத்திரை வந்து சேராத நாட்களில் எங்கள் மையத்து வாசலில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

2 நவம்பர்

மாத்திரை வராவிட்டால் என்ன ஆகும் என்று மணலிக்காரன் கேட்டதால் இதை எழுதுகிறேன். உலகம் இதை ஒருமுறை பார்த்திருக்கிறது. 2014இல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டபோது அங்கே ஏறத்தாழ 800 பேர் உக்ரைன் அரசின் திட்டத்தில் மெதடோனோ பியூப்ரெனார்பினோ பெற்றுவந்தார்கள். ரஷ்யச் சட்டத்தில் அந்தச் சிகிச்சைக்கு இடமில்லை; சில வாரங்களில் நிறுத்தினார்கள். அவர்களில் 80 முதல் 100 பேர் இறந்துவிட்டதாக ஐ.நா.வின் எய்ட்ஸ் தூதராக இருந்த மிஷெல் கசாச்கின் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் சொன்னார். நோயாளி மாறவில்லை, மருந்து மாறவில்லை, கொடி மாறியது.

2024 மார்ச்சில் வியன்னாவிலுள்ள ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் "தீங்கு குறைப்பு" என்ற சொல் முதன்முறையாக ஒரு தீர்மானத்தில் இடம்பெற்றது. வழக்கமாக ஒருமனதாக முடியும் அவையில் வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது: ஆதரவு 38, எதிர்ப்பு 2. எதிர்த்தவை ரஷ்யாவும் சீனாவும். ஒரு சொல்லுக்கே அத்தனை ஆண்டுகள் பிடித்தன.

6 நவம்பர்

மணலிக்காரன் எனக்குத் தனியாக எழுதியதை, அவர் அனுமதியோடு, பெயர் விவரமின்றிச் சொல்கிறேன். அவருடைய நெருங்கிய உறவுக்காரப் பையன் வலிநிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான். ஊரில் கடுமையான சட்டம் இருந்திருந்தால் அவன் தொட்டிருக்க மாட்டான் என்பது அவருடைய கோபம். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அவனையும் அதே கடுமையோடு பிடிக்க வேண்டுமா என்று பதிலுக்குக் கேட்டேன். "அவன் விற்பவன் அல்ல" என்றார். நானும் இந்த இழை முழுவதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

9 நவம்பர்

சிகிச்சைக்குப் போனால் போலீஸ் பிடிக்குமா, ஊசியோடு பிடிபட்டால் என்ன என்று பலரும் கேட்பதால், எனக்குத் தெரிந்தவை:

ஓ.எஸ்.டி. மையத்தில் பதிவு செய்வதற்கும் காவல் துறைக்கும் தொடர்பில்லை. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், 2017இன் 22ஆம் பிரிவு, தொற்றைத் தடுக்கும் நடவடிக்கைகள் குற்றமாகா என்கிறது. பதிவு பெற்ற திட்டத்தில் பழைய ஊசியைக் கொடுத்துப் புதியதை வாங்குபவரையும் கொடுப்பவரையும் அதுவே எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பாதுகாக்கிறது. திட்டத்தின் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவோடு பிடிபட்டு, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெறுபவர்மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம். ஆகவே சேர்ந்த நாளிலிருந்து சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். இந்தப் பிரிவு இருப்பதே தெரியாத வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். பிரிவின் எண்ணை எழுதிக் கையில் கொடுங்கள்.

பையனை முதல்முறை அழைத்துப் போகும்போது காலையிலேயே போங்கள். கடைசி ஊசிக்குப் பிறகு உடல் சற்றுக் குடைய ஆரம்பித்திருக்க வேண்டும். அதற்கு முன்பே பியூப்ரெனார்பின் போட்டால் வேதனை சட்டென்று கூடிவிடும். எப்போது போட்டான் என்பதை அவன் மருத்துவரிடம் பொய் சொல்லாமல் சொல்ல வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் சொல்ல மாட்டான். வெளியே பெஞ்சில் உட்காருங்கள்.